குளிக்கவா, பார்க்கவா? இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து மலைக்குப் போக மூன்று வழிகள்

வேன் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. எங்கே போவது என்பதுதான் முடிவாகவில்லை. போன மே மாதம் எங்கள் வீட்டு நிலைமை இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மண்டபத்தில் மச்சானின் விசைப்படகு சும்மா நின்றது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. பெரியவர் சிறியவர் எல்லாம் சேர்த்துப் பதினொரு பேர், கையில் இரண்டு நாள்.

மச்சான் மேகமலை என்றார். தங்கை தேக்கடி என்றாள், படகில் போனால் யானை பார்க்கலாமாம். அம்மா மட்டும் எந்த ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. "தண்ணி ஓடுற ஆத்துல ஒரு முழுக்குப் போடணும்ப்பா, அது போதும். உப்புத் தண்ணில முழுகி முழுகித் தலை சடை புடிச்சுப் போச்சு" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறு என்பது ஒரு ஏக்கம்தான். வைகை கடலில் சேரும் இடம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஊரின் பெயரே ஆற்றங்கரை. அழகன்குளம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அங்கே ஆற்றுக்குள் நிற்பது கடல் ஏறி வந்த உப்புத் தண்ணீர். கரையெல்லாம் சீமைக்கருவேலம், மணலில் நண்டு வளை. 258 கிலோமீட்டர் ஓடி வரும் வைகை அதற்கு முன்பே கண்மாய் கண்மாயாகப் பங்கு போட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சத்தை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் இறக்கிவிடும். அதுவும் நிரம்பி வழிந்தால்தான் கடலுக்கு. கடலுக்குத் தண்ணீர் தராத ஆறு என்று பழைய புலவர்களே வைகையைப் பாடி வைத்துவிட்டார்கள்.

அதனால் மேகமலை, தேக்கடி, தாமிரபரணிக் கரையில் பாபநாசம் என்ற மூன்று இடங்களையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். போவது குளிக்கவா, பார்க்கவா? இதைத் தீர்மானிக்காமல் கிளம்பினால், குளிக்க ஆசைப்பட்டவர் ஏரிக்கரையில் வேலிக்கு வெளியே நின்று பெருமூச்சு விடுவார். காடு பார்க்க வந்தவர் அருவியில் வரிசையில் நின்று கடுப்பாவார். இரண்டும் எங்கள் குடும்பத்தில் நடந்திருக்கின்றன.

முதலில் மேகமலை. சின்னமனூரிலிருந்து ஏற வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து மதுரை, தேனி வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மலைப்பாதையும் இருப்பதால் காலையில் கிளம்பினால் மாலைதான். மேலே போகும் வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பூவின் பெயர். பிள்ளைகள் பலகையை உரக்கப் படித்துக்கொண்டே வந்தால் வாந்தி மறந்துபோகும் என்று நினைத்தேன். ஏழாவது வளைவு வரைதான் அந்த யோசனை வேலை செய்தது.

மேலே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று நீர்த்தேக்கங்கள் சங்கிலி போல வரும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து கிடக்கும் தண்ணீர், அதன் மேல் பஞ்சு போல இறங்கும் மேகம். ஊர்ப் பெயர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரிவதில் பாதிக்கு மேல் எஸ்டேட். அசல் காடு அதற்குப் பின்னால், சோலைகளாக மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே இஷ்டத்துக்கு நடந்து போய்விட முடியாது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். வைகையின் தாய்மடி முழுக்க அதற்குள் வருகிறது. எங்கள் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் வருமா வராதா என்பது அந்தச் சோலைகள் எவ்வளவு மழையைப் பிடித்து வைக்கின்றன என்பதைப் பொறுத்தது. மச்சானுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நம்ம கண்மாயோட ஓவர்ஹெட் டேங்க் மேல நிக்கிறோம்னு சொல்லுங்க" என்றார்.

புலிகள் காப்பகம் என்ற பலகையைப் பார்த்துவிட்டுப் புலியைத் தேடாதீர்கள். யானைக்கு வாய்ப்பு உண்டு, ஏரிக்கு அக்கரையில் மாலை நேரத்தில் தண்ணீர் குடிக்க வரும். சிங்கவால் குரங்கு உண்டு. இருவாச்சிப் பறவை பறந்தால் பார்க்கும் முன்பே காதில் கேட்கும், சிறகு அடிக்கும் ஓசை அப்படி.

மேகமலைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை எங்கள் தவறால் பாதி பாழ். வழியில் வைகை அணைப் பூங்காவில் பிள்ளைகள் இறங்கியதும் ஏற மறுத்துவிட்டார்கள். அடிவாரச் சோதனைச்சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 6.20. மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், யானை நடமாட்டம். காவலர் கோபப்படக்கூட இல்லை, கடிகாரத்தைக் காட்டினார், அவ்வளவுதான். திரும்பிச் சின்னமனூரில் ஒரு லாட்ஜில் படுத்துவிட்டு விடிந்ததும் ஏறினோம். மேலே அறைக்கு முன்பணம் வாங்கியவர் "ஏரி பார்த்த ரூம் சார்" என்று சொல்லியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் எதிரே தண்ணீர்த் தொட்டி. அதிலும் தண்ணீர் தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அது அக்டோபர் மாதம். புல்லில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு வண்டியில் ஏறினால் காலில் அட்டை. நூல் போல மெலிந்து வந்தது, ரத்தம் குடித்துக் கோலிக்குண்டு போல உருண்டிருந்தது. பிய்த்து எடுத்தால் காயம் ஆற நாளாகும், உப்பு வைத்தால் தானே சுருண்டு விழும். உப்பு! வாலிநோக்கத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் மாவட்டத்திலிருந்து வந்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்புக்காக டீக்கடையில் கைநீட்டி நின்றோம்.

ஆக, மேகமலை பார்க்க. குளிக்க இல்லை. அந்த நீர்த்தேக்கங்களில் இறங்க விடமாட்டார்கள், இறங்கவும் கூடாது. குளித்தே ஆக வேண்டுமென்றால் கீழே இறங்கிச் சுருளி அருவிக்கோ, கடமலைக்குண்டு தாண்டிச் சின்னச்சுருளிக்கோ போக வேண்டும். மே மாதத்தில் அங்கேயும் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மூலவைகை ஓடும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கிலேயே கோடையில் ஆறு மணல்வெளியாகத்தான் கிடக்கும், ஏறக்குறைய நம் ஊர் போலவே. வைகையின் தலையைப் பார்க்கப் போய் வாலையே மறுபடி பார்த்த மாதிரி ஆகிவிடும். கோடையில் இந்தப் பக்கத்து மலைகளில் நடைப்பயணம் என்ற எண்ணமே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதே தேனி மாவட்டத்தில்தான்.

தேக்கடியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நான் ஒரே முறை போனேன், படகுக்குக் காத்திருந்த நேரம்தான் நன்றாக நினைவிருக்கிறது. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுவது நல்லது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அங்குள்ள பஸ்ஸில் படகுத்துறைக்குப் போய், உயிர்காக்கும் மேல்சட்டை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வரலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட வசதியாகக் காட்டைப் பார்க்க வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏரிக்குள் மூழ்கிப்போன மரங்கள் மொட்டை மொட்டையாக இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். படகிலிருந்த மற்றவர்கள் படம் எடுத்தார்கள். மச்சான் மட்டும், "இத்தன கட்டைக்கு நடுவுல வலை போட்டா ஒண்ணு மிஞ்சாது" என்று வருத்தப்பட்டார்.

ஆனால் தேக்கடியோடு இராமநாதபுரத்துக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. நம் ஆட்களில் பலருக்கே தெரியாது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரருக்கு முன்பே சேதுபதி அரண்மனையில் பிறந்தது. 1789-ல் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்பப் பிள்ளை ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் சொன்னார். செலவுக்குப் பணம் இல்லை, திட்டம் அப்படியே நின்றது. நூறு ஆண்டுக்குப் பிறகு ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்து, 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. தேக்கடி ஏரி அந்த அணையில் தேங்கிய தண்ணீர்தான். இப்போது சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணீர், லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்கிறது. குமுளி மலைப்பாதையில் ஏறும்போது அந்தக் குழாய்களைப் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காகவும், ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்த பிறகு பச்சை பிடிக்கும் கம்பம் வயல்களுக்காகவும் அந்தச் சாலையில் ஒருமுறை போகலாம். லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. பிரதானிக்கு இல்லை.

நடைமுறைச் சிக்கல் இரண்டு. வாடகை வேன் எல்லை தாண்ட கேரள பெர்மிட் எடுக்க வேண்டும், அதை யார் கட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளால் குமுளிச் சாலை திணறும். வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றி விடுவார்கள். குளிப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம், படகிலிருந்து கை நீட்டித் தண்ணீரைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

மூன்றாவது, தாமிரபரணி. எங்கள் பக்கத்து மீனவர்கள் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வைகை வடகடல் ஆறு. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேருவதால் தென்கடல் ஆறு. அம்மா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப அதுவும் நம்ம ஆறுதான்" என்று முடித்துவிட்டார்.

பாபநாசத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, தூத்துக்குடி, பிறகு திருநெல்வேலி, அம்பாசமுத்திரம். மொத்தம் 220 கிலோமீட்டர் போல. பாதித் தூரம் கடற்காற்றிலேயே போகலாம். மலைப்பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். வேன் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயில் அம்பாசமுத்திரத்தில் நிற்கும், அங்கிருந்து டவுன் பஸ். மூன்றில் கைச்செலவு குறைந்தது இதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் தமிழ்நாட்டு ஆறுகளில் தாமிரபரணிக்கு ஒரு தனிக் கொடுப்பினை. தென்மேற்குப் பருவமழையும் பெறும், வடகிழக்குப் பருவமழையும் பெறும். பொதிகை உச்சியில் பிறந்து 130 கிலோமீட்டருக்குள் கடலுக்கு வந்துவிடும் சின்ன ஆறு, ஆனால் வற்றுவதில்லை. மே மாதத்திலும் அகத்தியர் அருவியில் தண்ணீர் விழும். குற்றாலம் காய்ந்து கிடக்கும் நாட்களில் கூட்டம் இங்கே வருவது அதனால்தான்.

பாபநாசநாதர் கோயில் படித்துறையில் காலை வைத்தவுடன் கடலோரத்துக்காரனுக்கு முதலில் படுவது அந்தக் குளிர்ச்சி. அடுத்து மீன். படியோரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பொரி போட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வாயைப் பிளக்கும். கோயில் மீன் என்பதால் யாரும் பிடிப்பதில்லை. மச்சான் வெகுநேரம் அசையாமல் நின்று பார்த்தார். பிறந்ததிலிருந்து மீனோடு புழங்குகிறவர், மீன் தன்னைப் பார்த்து விலகாமல் நிற்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறார். அம்மா மூன்று முழுக்குப் போட்டுவிட்டு எழுந்து, ஈரத் தலையைத் தடவிப் பார்த்து, "வழுக்குதுப்பா" என்றார். உப்பு இல்லாத தண்ணீரில் குளித்த தலை வழுக்கத்தான் செய்யும்.

இங்கேயும் குறை உண்டு. பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றிலேயே விடும் பழக்கம். காலில் சுற்றிய ஒரு பழைய வேட்டியை நானே எடுத்துக் கரையில் போட்டேன். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக், மது, சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் தேடி எடுக்கிறார்கள். அதே கண்டிப்பு படித்துறையில் இருந்தால் நன்றாக இருக்கும்.

நீச்சல் தெரியும் என்று தெம்பாக இறங்கும் நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் உப்பால் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். ஆற்றுத் தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. கடலில் அலை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆற்றில் இழுப்பு அடியில் இருக்கும், மேலே கண்ணாடி போலத் தெரியும். பாசி படிந்த பாறையில் கடற்கரைக் கால் நிற்காது. போன தடவை தங்கச்சி மகன், மண்டபம் பாலத்தடியில் நீந்துகிறவன், படித்துறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போனதும் முகம் மாறிவிட்டது. கயிறு கட்டியிருந்த இடம் வரை வந்து பிடித்துக்கொண்டான். மேலே அணைகளிலிருந்து திறப்பு கூடினால் நீர்மட்டமும் மளமளவென்று ஏறும். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்காதீர்கள்.

காடு? இருக்கிறது, அதுவும் சாதாரணக் காடு இல்லை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு - முண்டந்துறை 1988-லிருந்து இங்கேதான். சோதனைச்சாவடி தாண்டிக் காரையாறு போகும் சாலையில், சொரிமுத்து அய்யனார் கோயில் வரை போனாலே போதும். இருபுறமும் மரங்கள் வானத்தை மூட, பக்கத்தில் ஆறு பாறைகளுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு வரும். எஸ்டேட் குறுக்கிடாத காடு. அந்த வகையில் மேகமலையைவிட இங்கே காடு சாலைக்கு நெருக்கம் என்பது என் கணிப்பு. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, மேகம் இல்லாமல் என்ன மலை என்கிறார். காரையாறு அணையிலிருந்து படகில் பாணதீர்த்தம் அருவிக்குப் போய்க் குளித்த காலம் முடிந்துவிட்டது, யாராவது அந்த ஞாபகத்தில் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். மாஞ்சோலைக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். ஊரெல்லாம் அன்று நம் சேதுக்கரைக்கும் தேவிபட்டினத்துக்கும் வருவது போல, திருநெல்வேலிச் சீமை முழுவதும் சொரிமுத்து அய்யனாரிடம் கூடாரம் போட்டிருக்கும்.

சரி, எதை எடுப்பது? மே மாதம், கூடவே பெரியவர்கள், இரண்டே நாள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, பாபநாசம். முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்து படித்துறை, மறுநாள் காலை வெயில் ஏறும் முன் அகத்தியர் அருவி, அப்புறம் காரையாறு, மாலையில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொண்டு வீடு. மூன்று நாள் கிடைத்து, மாதமும் ஜனவரி, பிப்ரவரியாக இருந்தால் மேகமலை. மழை ஓய்ந்திருக்கும், அட்டை குறைந்திருக்கும், மலை கழுவி வைத்தது போல இருக்கும். நெல் அறுத்து முடித்த வீடுகளுக்கு அதுதான் ஓய்வு நாளும்கூட. இரண்டு இரவு தங்க முடியாவிட்டால் மேகமலைக்குப் போகவே வேண்டாம். ஏறி இறங்குவதிலேயே நாள் போய்விடும். தேக்கடியைத் தனிப் பயணமாக வைக்காமல், மேகமலைக்குப் போகும் ஆண்டில் நான்காவது நாள் ஒன்றைச் சேர்க்க முடிந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் பாபநாசம்தான் போய் வந்தோம். தங்கைக்கு யானை கிடைக்கவில்லை. சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போனதோடு சரி. மச்சான் திரும்பும் வழியிலேயே வேன்காரரிடம் பொங்கல் கழித்து மேகமலைக்கு மூன்று நாள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஆறு மணிக்கு முன்னால் சோதனைச்சாவடியில் நிற்க வைப்பது அவர் பொறுப்பு. உப்புப் பொட்டலம் என் பொறுப்பு.